ஹெவி லைசனுக்காக வைத்த நகையில் அத்தானின் லொறியை எடுக்கலாமா?

கேள்வி: வயது 31. சீனன்குடாவில் சீமெந்து ஏற்றும் பத்துச் சில்லு லொறியில் கிளீனராக இருக்கிறேன். மாதம் 70,000 ரூபா கைக்கு வரும். ஹெவி லைசன் எடுத்தால் இதே இடத்தில் ஒரு லட்சத்துக்கு டிரைவராகலாம். ட்ரயலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. லேனர்ஸ் (ஓட்டப் பழக்கும் பள்ளி) காசுக்காக மனைவியின் 5 பவுண் நகையை அடகு வைத்தேன். தங்க விலை ஏற ஏற அதே நகைக்கு மேலும் எடுத்து, இப்போது 4 லட்சத்தில் நிற்கிறது. அக்காவின் கணவர் தன் சின்ன லொறியின் லீசிங்கை (தவணைக் கடனை) என் பேருக்கு மாற்றச் சொல்கிறார். தவணை 85,000, இன்னும் 4 வருடம். பிந்திய தவணைகளுக்கு நகையில் இன்னும் 2 லட்சம் எடுக்கலாம் என்கிறார். எடுக்கட்டுமா?
- வாசகர், திருகோணமலை

பதில்: வேண்டாம் தம்பி. லீசிங் எப்படி, தவணை பிந்தினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் லொறிக்காரரோடு நாளும் பொழுதும் இருக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்குக் கவலை லொறியை விட அந்த நகையைப் பற்றித்தான்.

நீங்கள் எழுதிய கணக்கையே பிரித்துப் பார்த்தேன். 4 லட்சத்தில் லைசனுக்குப் போனது 60,000. வீட்டுக் கூரைக்கு 90,000. ஏற்கெனவே அத்தானின் தவணைக்கும் டயருக்கும் 190,000. மிச்சம் 60,000 வட்டி. அதைக் கட்ட முடியாமல் முதலோடு சேர்த்துத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்றால் வட்டி மட்டும் 6,000, வருடத்துக்கு 72,000. லைசனுக்கு ஆன செலவையே ஒரு வருட வட்டி தாண்டிவிட்டது.

விலை ஏறும்போதெல்லாம் 'உங்கள் நகைக்கு இன்னும் கூடுதலாகத் தரலாம்' என்று போனுக்கு மெசேஜ் அனுப்புகிறார்களே, அதைக் காசு வந்ததாக நினைக்காதீர்கள். தங்கம் விலை ஏறினால் அந்த லாபம் உங்கள் மனைவியுடையது. நீங்கள் அதை ஒவ்வொரு தடவையும் கடனாக மாற்றிக்கொண்டு வருகிறீர்கள். விலை ஒருநாள் இறங்கினால் கடன் இறங்காது. இந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

இனி லொறி. மாதம் 2 லட்சம் உழைக்கும் என்று அத்தான் சொல்வதை அப்படியே எடுப்போம். டீசலுக்கு 80,000, கூலி டிரைவருக்கு 60,000 போனால் மிஞ்சுவது 60,000. தவணையோ 85,000. டயர், இன்சூரன்ஸ், ரிப்பேர் வருமுன்னே 25,000 துண்டு விழுகிறது. நீங்களே ஓட்டினால் 35,000 மிஞ்சும், ஆனால் இப்போதைய 70,000 சம்பளம் போய்விடும். அத்தோடு தவணை பிந்தினால் கிரிப் அறிக்கையில், அதாவது யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் பதிவில், விழுவது உங்கள் பெயர். நாளை நீங்களே ஒரு லொறிக்கு லீசிங் கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இரவில் கந்தளாய் தாண்டினால் டிரைவர் தூங்க நீங்கள் ஓட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் பயந்துவிட்டேன். அந்த வகுப்புக்கு லைசன் இல்லாத ஆள் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிப்பார். வழக்கு வேறு. பிறகு ஹெவி லைசன் கனவாகிவிடும். பழகுவதென்றால் எல் போர்டோடு, லேனர்ஸ்காரரின் வண்டியில் மட்டும்.

இன்னொன்று: லேனர்ஸில் எந்த வகுப்புக்குப் பதிந்தார்கள் என்று நாளைக்கே பாருங்கள். சி1 என்றால் மொத்த எடை 17,000 கிலோவுக்குட்பட்ட லொறிக்குத்தான். உங்கள் பத்துச் சில்லுக்கு சி வகுப்பு வேண்டும். சி1 மட்டும் கிடைத்தால், நீங்கள் நம்பியிருக்கிற ஒரு லட்சம் சம்பளம் வராது.

நகைக்கு வருகிறேன். வைத்த இடத்தில் பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று கேளுங்கள், வங்கிகளில் பெரும்பாலும் விடுவார்கள். 5 பவுணும் ஒரே அடகுச் சீட்டில் இருந்தால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டு சீட்டாகப் பிரியுங்கள். சின்னச் சீட்டை முதலில் மீட்கலாம். ட்ரயல் வரை மாதம் 10,000 கட்டினால் வட்டி போக 4,000 கடனில் குறையும். டிரைவரான பிறகு கூடுகிற 30,000இல் 25,000ஐ அதற்கே போட்டால், ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேலே நகை வீட்டுக்கு வந்துவிடும்.

அத்தானிடம் முகத்துக்கு நேரே மறுக்க முடியாது என்கிறீர்கள், அக்கா வாழ்கிற வீடு, விளங்குகிறது. 'லைசன் கையில் வரும்வரை எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மனைவிக்குச் சொல்லிவிட்டேன்' என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லுமுன் மனைவியிடம் உண்மையாகவே சொல்லிவிடுங்கள், நகை அவருடையது. வாங்கிய 190,000ஐ மாதம் 10,000 வீதம் உங்கள் அடகுக்குக் கட்டும்படி அத்தானைக் கேளுங்கள். அதற்கும் காசில்லை என்றால், லொறியை விற்று லீசிங்கை முடிக்கும் பேச்சை அக்காவையும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தவணை மேலும் பிந்துமுன் விற்றால்தான் அவர்கள் கையிலும் ஏதாவது மிஞ்சும்.