10-க்கு 10 அறை: கோடு போட்டால் தெரியும் கணக்கு

கேள்வி: நாங்கள் மணப்பாறை பக்கம். 20 அடி அகலம், 30 அடி நீளத்தில் ஒரு வீடு கட்டப்போகிறோம். முன்பக்கத்தில் 10-க்கு 10 படுக்கையறை, அதை ஒட்டி அதே அளவில் ஹால் என்று மேஸ்திரி நோட்டுத்தாளில் கோடு போட்டுக் காட்டினார். என்னிடம் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. செலவில்லாமல் நானே பிளான் போட்டுப் பார்க்க முடியுமா, ஐயா?
- வாசகி ஒருவர்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. லிப்ரேகேட் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். முழுக்க இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இரு பரிமாணக் கோட்டு வேலை மட்டும்தான் என்பதால் பழைய லேப்டாப்பும் திணறாது.

மேஸ்திரி சுவருக்கு ஒற்றைக் கோடு போட்டிருப்பார். ஐடிஐயில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவதே சுவருக்கு இரட்டைக் கோடு போடத்தான். ஏன் என்று நீங்களே வரைந்து பாருங்கள்.

அமைப்புகளில் அலகை இன்ச் என்று மாற்றுங்கள். தாளுக்கு எவ்வளவு சுருக்குவது என்ற ஸ்கேல் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். திரையில் வீட்டை நிஜ அளவிலேயே வரைகிறோம். செவ்வகக் கருவியை எடுத்து, கட்டளைப் பெட்டியில் முதல் மூலைக்கு 0,0 என்றும் எதிர் மூலைக்கு 240,360 என்றும் கொடுங்கள். இது வெளிச்சுவரின் வெளிப்பக்கம். அடுத்த செவ்வகம் 9,9-இல் தொடங்கி 231,351-இல் முடியட்டும். 9 இன்ச் சுவர் நாலு பக்கமும் எழுந்துவிட்டது.

இனி நடுச்சுவர். பில்லர் போட்ட வீடென்றால் அது நாலரை இன்ச் போதும். உள்ளே மிச்சம் 222 இன்ச். நாலரையைக் கழித்து இரண்டாக வகுத்தால் 108.75. ஆகவே கோட்டுக் கருவியில் 117.75,9 என்று தொடங்கி, @0,120 என்று தட்டுங்கள். '@' போட்டால் முந்தைய புள்ளியிலிருந்து அளக்கும். இதேபோல் 122.25,9-இலிருந்து இன்னொரு கோடு. இப்போது படுக்கையறையின் அகலத்தை அளவுக் கருவியால் பிடித்துப் பாருங்கள்: 9 அடி முக்கால் இன்ச். இரண்டு பக்கமும் அரை இன்ச் பூச்சு ஏறினால் 9 அடிகூட இல்லை. கூரையின் பாரத்தைத் தாங்கும் சுவராக இருந்தால் நடுவிலும் 9 இன்ச் வரும், இன்னும் குறையும். அதை உங்கள் பொறியாளர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்து, சாமான்களுக்கென்று தனி லேயர் (கண்ணாடித்தாள் போல மேலே விரியும் தனி அடுக்கு) திறந்து, கட்டிலையும் பீரோவையும் வரையுங்கள். பலர் இதைத் தவிர்க்கிறார்கள்; எனக்கோ இதுதான் பிளானின் உயிர். ஆறடிக்கு ஆறரை அடி கட்டில், இரண்டடி ஆழத்தில் பீரோ. கட்டிலின் தலைமாட்டை வெளிச்சுவரில் ஒட்டி, பீரோவை எதிரே நடுச்சுவரில் நிறுத்துங்கள். பூச்சும் ஏறினால் இடையில் ஆறு இன்ச்கூடத் தேறாது, பீரோக் கதவு திறக்காது. கட்டிலை 10 அடிப் பக்கமாகத் திருப்பினால் கால்மாட்டில் ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அதுவும் நெருக்கம்தான். ஐந்தடிக் கட்டிலை அப்படித் திருப்பிப் போட்டு, பீரோவைப் பக்கவாட்டில் வைத்தால் நடுவில் ஏறக்குறைய இரண்டடி வழி உண்டு. ஆறடிக் கட்டில்தான் வேண்டுமென்றால் நடுச்சுவரை ஹால் பக்கம் ஒரு அடி தள்ளுங்கள். ஹால் எட்டடிக்கு இறங்கிவிடும். சம்மதமா என்று வீட்டில் பேசுங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை.

கதவுக்குச் சுவர்க் கோட்டை வெட்டி, 36 இன்ச் இடைவெளி விடுங்கள். செவ்வகம் முழுவதும் ஒரே பொருளாக நகர்ந்தால் முதலில் 'எக்ஸ்ப்ளோட்' கொடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கதவு சுழலும் வில்லையும் கட்டாயம் போடுங்கள். கட்டிலில் இடிக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

அளவு எழுத்தின் உயரத்தை 6 இன்ச் வையுங்கள், இல்லாவிட்டால் அச்சில் படிக்க முடியாது. அச்சு முன்பார்வையில் 1:48 கொடுத்தால் ஒரு அடி கால் இன்ச் ஆகும். வீடு 5-க்கு 7½ இன்ச்சில் ஏ4 தாளில் அடங்கும். பிரின்டரில் 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் எடுத்துவிடுங்கள். தாள் வந்ததும் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து, சரியாக 5 இன்ச் இருந்தால் மேஸ்திரி கையில் கொடுங்கள்.

முப்பரிமாணத்தில் பார்க்க ஆசையென்றால் ஸ்வீட் ஹோம் 3டி என்பதும் இலவசம்தான். அதில் தொடக்கத்திலேயே சுவர்க் கனத்தை மாற்றிவிடுங்கள். தானாக வரும் சுவர் நம் செங்கல் சுவரைவிட மெல்லியது.

கேள்வி: பொறியாளர் அனுப்பிய டிடபிள்யூஜி (ஆட்டோகேட் மென்பொருளின் வரைபடக் கோப்பு) லிப்ரேகேட்டில் பாதிதான் தெரிகிறது. என்ன செய்ய?
- வாசகர் ஒருவர்

பதில்: அந்த வகைக் கோப்பை லிப்ரேகேட் முழுமையாகப் படிக்காது. பல மென்பொருள்களுக்கும் பொதுவான டிஎக்ஸ்எஃப் கோப்பாகச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் கோடு விட்டுப்போனது என்று உடனே பிடிபடும்.