போட்டியின் நடுவில் போலிங் தடத்தின் எண்ணெய் மாறும்போது எப்படிச் சமாளிப்பது?

முதல் இரண்டு ஆட்டங்களில் 200 புள்ளிகளைத் தாண்டுகிறேன், நான்காவதில் 150-க்கு இறங்கிவிடுகிறேன், வீச்சு மாறவே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். வீச்சு மாறவில்லை, தடம் மாறிவிட்டது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகளாக லீக் போலிங் (பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் ஆட்டம்) ஆடுகிறேன். இந்த அடியை நானும் வாங்கியிருக்கிறேன். வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்; இடக்கை என்றால் திசையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

வீசும்போது தாண்டக்கூடாத கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி; தடத்தின் குறுக்கே, நீளவாக்கில் ஓடும் 39 மெல்லிய பலகைகள். அதில் சுமார் 40 அடி வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம். எண்ணெயில் பந்து வழுக்குகிறது, உலர்ந்த பகுதியில் பிடித்துத் திரும்புகிறது. இன்றைய ரியாக்டிவ் ரெசின் பந்துகள் எண்ணெயை உறிஞ்சும். திரும்பி வந்த பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அதன் மேல் வளையம் வளையமாக ஈரம் மினுங்கும். ஒவ்வொரு வீச்சும் தடத்திலிருந்து அவ்வளவைத் துடைத்து எடுத்துவிடுகிறது. நான்கு பேர் ஒரே பாதையில் வீசினால் மூன்றாவது ஆட்டத்தில் அந்தப் பாதை வறண்டிருக்கும்.

வழக்கமாக மையங்களில் பூசும் முறையில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரத்தில் குறைவு. வெளியே தவறவிட்டாலும் பந்து திரும்பி வரும். போட்டித் தடத்தில் குறுக்குவாட்டில் எண்ணெய் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் ஒரு பலகை தவறினாலும் தண்டனை உண்டு. தொடக்கத்திற்கு ஒரு கணக்கு: எண்ணெய் பூசியிருக்கும் நீளத்திலிருந்து (அடிக்கணக்கில்) 31-ஐக் கழியுங்கள். 41 அடி என்றால் வலமிருந்து பத்தாவது பலகைக்கு அருகில் பந்து திரும்ப வேண்டும். இது தோராயம்தான், மூன்றாவது ஆட்டத்தில் இதைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

நான் அப்படித்தான் நின்றேன். ஆறு ஆட்டச் சுற்று அது. முதல் இரண்டில் 214, 226. மூன்றாவது ஆட்டத்தின் ஏழாவது ஃபிரேமில் (ஓர் ஆட்டத்தின் பத்துப் பகுதிகளில் ஒன்று ஃபிரேம்) பந்து முதல் பின்னின் மூக்கிலேயே, அதாவது நேர் நடுவிலேயே, மோதியது. மூன்றாம் வரிசையின் இட ஓரத்தில் நிற்கும் 4-ஆம் எண் பின் மட்டும் ஆடி ஆடி, கடைசியாகச் சாய்ந்தது. ஒரே வீச்சில் பத்தும் விழுந்துவிட்டன, ஸ்ட்ரைக்! கைதட்டல் வேறு. பக்கத்தில் இருந்த மூத்த ஆட்டக்காரர் ஒருவர், "தம்பி, இப்போதே இடப்பக்கம் நகர்ந்து நில்" என்றார். ஸ்ட்ரைக் விழும்போது எதற்கு என்று நினைத்தேன். அடுத்து அதே தடத்துக்குத் திரும்பியபோது 4, 6, 7, 10 எண் பின்கள் விழாமல் நின்றன. நான்காவது ஆட்டம் 148.

அந்தத் தாமதமாக விழுந்த 4-ஆம் பின்தான் எச்சரிக்கை. ஸ்ட்ரைக் விழுந்ததா என்று மட்டும் பார்க்காமல், எப்படி விழுந்தது என்று பாருங்கள். பந்து மூக்கில் ஏற ஆரம்பித்தால் எண்ணெய் அதிகமுள்ள நடுப்பகுதியை நோக்கி, நிற்கும் பாதத்தை இரண்டு பலகை, பந்துக்குக் குறிவைக்கும் இடத்தை ஒரு பலகை இடப்பக்கம் நகர்த்துங்கள். போதவில்லையென்றால் இன்னொரு முறை அதே அளவு.

சிக்கலானது பின்வரிசையின் வலக் கோடியில் நிற்கும் 10-ஆம் பின். பாக்கெட்டில் (முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் இடையில்) பந்து சரியாக மோதியும் 6-ஆம் பின் 10-ஐத் தட்டாமல் ஓரக் கால்வாயில் சோம்பலாகப் படுத்துவிடும். இதற்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் உண்டு. முன்பகுதி வறண்டு பந்து சீக்கிரமே திரும்பி, பின்களை அடைவதற்குள் வேகம் செத்துப்போயிருக்கலாம். அல்லது வழுவழுப்பான பந்துகள், குறிப்பாக யூரேதேன் பந்துகள், எண்ணெயை உலர்ந்த பகுதிக்கு இழுத்துச் சென்று, உங்கள் பந்து தாமதமாகத் திரும்பியிருக்கலாம். முதலாவதற்கு இடப்பக்கம் நகர வேண்டும், அல்லது அவ்வளவு சீக்கிரம் பிடிக்காத மெருகான பந்தை எடுக்க வேண்டும். இரண்டாவதற்கு வலப்பக்கம், அல்லது சொரசொரப்பான பந்து. எது என்று பின்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 35 முதல் 45 அடிக்குள் பந்து எங்கே வளைகிறது என்று பார்க்க வேண்டும். வீசியவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள்.

ஃபிரேமுக்கு ஃபிரேம் இரண்டு தடங்களில் மாறி மாறி வீசுகிறோம் அல்லவா? இரண்டும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. இடத் தடத்தில் நகர்ந்ததற்காக வலத் தடத்திலும் நகராதீர்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அடுத்த ஜோடித் தடத்துக்குப் போகும் போட்டிகளில், அங்கே உங்களுக்கு முன் ஆடியவர்கள் யார் என்று கவனியுங்கள். பலமாகச் சுழற்றி வீசும் மூன்று பேர் ஆடிவிட்டுப் போன தடத்தில் முதல் பந்திலேயே நகர்ந்து நிற்கலாம்.

தனியாக நிற்கும் 10-ஆம் பின்னுக்கு மட்டும் பிளாஸ்டிக் பந்தை எடுங்கள். எண்ணெய் எப்படி மாறினாலும் அது ஏறக்குறைய நேராகப் போகும். அன்று அந்த 148-இல் நான் தவறவிட்ட மூன்று ஸ்பேர்களும் (மிச்சப் பின்களை இரண்டாவது வீச்சில் வீழ்த்துவது ஸ்பேர்) 10-ஆம் பின்கள்தான். மூன்றுக்கும் ரெசின் பந்தையே வீசியிருந்தேன்.