கொல்லைப்புறக் கோழி: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல், காணாமற்போன கோழிகளைப் பற்றியவை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பினாங்கில் இது வழக்கம்தான். கால்வாய் நிரம்பும்போது எலி மேட்டுக்கு வருகிறது. எலியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு பாம்பு வருகிறது. வரும் வழியில் நம் கோழிக் கூடு நிற்கிறது. ஆனாலும் நல்ல செய்தி சொல்லும் கடிதம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

*அம்மா, எங்கள் பெட்டைக்கோழி ஆறு நாளாகப் பழைய துணிக்கூடையை விட்டு எழுவதே இல்லை. கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்துகிறது. தீனியும் குறைந்துவிட்டது. தண்ணீரில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். ஏதாவது நோயா?*
வாசகி, பட்டர்வொர்த்

நோய் ஒன்றும் இல்லை மகளே. உங்கள் கோழி அடைக்கு வந்திருக்கிறது. அதன் மார்புக்கு அடியில் மெல்லக் கையை விட்டுப் பாருங்கள். இறகு உதிர்ந்து, தோல் சூடாக இருக்கும். முட்டைக்குச் சூடு நேராகப் போய்ச் சேரட்டும் என்று உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மாமியார் சொல்வது, அடையைக் கலைத்து மறுபடி முட்டையிட வைக்கும் பழைய வழி. குஞ்சு வேண்டாம் என்றால்கூட அந்த வழி எனக்குப் பிடிக்காது. முட்டைக்காகவே உருவாக்கிய இனங்களில் அடைகாக்கும் குணம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கம்பத்துக் கோழியிடம், அதாவது கிராமத்து நாட்டுக்கோழியிடம், அது இன்னும் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சேவலோடு திரியும் கோழிகளின் முட்டைகளில் பத்து, பன்னிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கோழி இறக்கை விரித்து உட்கார்ந்தால் ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது; அதுதான் கணக்கு. இட்டு 7 நாளுக்கு மேற்படாத முட்டையாக இருக்கட்டும். கழுவ வேண்டாம், குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். முட்டைகள் சேரும்வரை கூர்முனை கீழே இருக்குமாறு நிழலில் அடுக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கு வையுங்கள். இன்றைக்கு நான்கு, நாளைக்கு மூன்று என்று வைத்தால், முதலில் பொரித்த குஞ்சுகளோடு தாய் எழுந்து போய்விடும். மற்றவை பாதியில் குளிர்ந்து போகும்.

நிபோங் திபாலுக்கு அருகே நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் பாட்டி இதற்கென்றே ஓர் ஓட்டை அண்டா வைத்திருந்தார். அடியில் மணல், அதன் மேல் உமி, ஓரமாக ஒரு கைப்பிடி வேப்பிலை. பிறகு ஓர் இரும்பு ஆணியும் அடுப்புக்கரித் துண்டும். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பும் கரியும் அதைத் தடுக்கும் என்பார். நானும் பல வருடம் வைத்தேன், பிறகு வைக்காமலும் பார்த்தேன். பொரிக்கும் கணக்கில் வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மணலும் உமியும் இல்லாமல் நான் ஒருபோதும் அடை வைத்ததில்லை. முட்டை உருண்டு விலகாமல் இருப்பது அந்தக் குழிவான படுக்கையால்தான்.

கோழியை இடம் மாற்றுவதாக இருந்தால் இருட்டிய பிறகு மாற்றுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்திற்கே ஓடிவிடும். நாளுக்கு ஒரு முறை, கால் மணி நேரம்போல் எழுந்து தின்று, குடித்து, எச்சமிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் முட்டை குளிர்ந்துவிடுமே என்று பதறாதீர்கள். 7ஆம் நாள் இரவு கைப்பேசி விளக்கை முட்டையின் தட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்திக் கால்போல் சிவப்பு நரம்புகள் ஓடினால் உயிர் இருக்கிறது. தெளிவாக, வெறும் மஞ்சள் நிழலாகத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடவே வேண்டாம்.

21ஆம் நாள் ஓட்டில் கீறல் விழும். குஞ்சு முழுதாக வெளிவர ஒரு நாள்வரை ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரித்துவிடுகிறவர்கள் தங்களை அறியாமலே குஞ்சைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தக் கடைசி மணி நேரங்களில்தான் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் ஏறுகிறது, ஓட்டோடு ஒட்டிய நரம்புகளில் இரத்தம் வற்றுகிறது. அந்த மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு குஞ்சு ஒரு நாளுக்கு மேல் தீனியில்லாமல் தாங்கும். ஆகையால் தாய் எழும்வரை எழுப்பாதீர்கள். கடைசிக் குஞ்சுக்காகத்தான் அது காத்திருக்கிறது.

*என் மகளின் பள்ளிப் பாடத்திற்காகப் பேரங்காடியில் வாங்கிய முட்டையை விளக்கின் கீழ் வைத்துப் பொரிக்கலாமா?*
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பொரிக்காது ஐயா. முட்டைப் பண்ணைகளில் சேவலே இருக்காது. கருவில்லாத முட்டைக்கு எத்தனை நாள் சூடு காட்டினாலும் அழுகத்தான் செய்யும். கம்பத்துக் கோழி வளர்ப்பவரிடம் நான்கு முட்டை கேட்டு வாங்குங்கள். குழந்தை 21 நாள் காத்திருந்து ஏமாறக் கூடாது.

*ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. பத்தே நாளில் நான்குதான் மிச்சம். சத்தமும் இல்லை, இரத்தமும் இல்லை. எது கொண்டுபோகிறது?*
வாசகர், பாலிக் புலாவ்

பகலில் குறைகிறதா, இரவில் குறைகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதை வைத்துத்தான் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் திறந்து விடும்போதும் மாலையில் அடைக்கும்போதும் எண்ணிப் பாருங்கள்.

பகலில் குறைந்தால் காக்கை, பருந்து, பூனை. காக்கையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்த பறவை அது; இன்று நம் ஊர்க் குஞ்சுகளைத் தின்கிறது. முதல் மூன்று வாரம் குஞ்சுகளையும் தாயையும் பஞ்சாரத்துக்குள் போட்டு வையுங்கள். மூங்கில் பஞ்சாரம் இங்கே கிடைப்பது அரிது. நான் கம்பி வலையை வளைத்துக் கட்டி மேலே சாக்கு போட்டிருக்கிறேன். பிறகு வெளியே விடும்போது மரவள்ளிச் செடி நாலைந்து அடர்த்தியாக இருந்தால் போதும். தாய் ஒரு குரல் கொடுத்ததும் அத்தனையும் அதற்குள் ஓடிவிடும்.

இரவில் குறைந்தால் பெருச்சாளி. ஒரு குஞ்சை ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் இழுத்துக்கொண்டு போய்விடும். அறுகோண ஓட்டை உள்ள சாதாரணக் கோழி வலை இதற்கு உதவாது. அது கோழியை உள்ளே வைத்திருக்கும். எலியை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். விலை அதிகம்தான். கூட்டின் கீழ்ப்பகுதி இரண்டடி உயரத்துக்கும் தரைக்கும் மட்டுமாவது போடுங்கள்.

இன்னொன்று, தண்ணீர்ப் பாத்திரத்தையும் பாருங்கள். குஞ்சுகள் அதில் விழுந்து சாவதும் உண்டு. நாங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கில்தான் தண்ணீர் வைப்போம், உள்ளே இரண்டு கூழாங்கல் போட்டு. அந்த மங்குகளில் மூன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன.

*பியாவாக் வந்து முட்டையைத் தின்றுவிட்டுப் போகிறது. போன வாரம் மலைப்பாம்பு ஒன்று முழுக் கோழியையே விழுங்கிவிட்டது. கந்தகம் தூவிப் பார்த்தேன், பயனில்லை. அடித்துக் கொல்லலாமா?*
வாசகர், நிபோங் திபால்

கொல்லக் கூடாது தம்பி. பியாவாக் எனும் நீர் உடும்பும் மலைப்பாம்பும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. சட்டத்தை விடுங்கள், ஒன்றைக் கொன்றால், அது வந்த அதே சந்து வழியாக அடுத்தது வரும். சந்தை அடைப்பதுதான் வேலை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிம்பாங் அம்பாட்டில் என் வீட்டுக்குப் பின்வேலி தாண்டினால் செம்பனைத் தோப்பு. ஐந்து வருடத்திற்கு முன் ஒரு காலையில் கூட்டைத் திறந்தபோது கோழிகள் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றன. எதிர் மூலையில் மலைப்பாம்பு. உள்ளே நுழைந்தபோது மெலிந்திருந்த உடம்பு, இரண்டு கோழியை விழுங்கிய பிறகு அதே சந்தில் வெளியேற முடியவில்லை. 999 அழைத்தேன், தீயணைப்பு வீரர்கள் வந்து பிடித்துப் போனார்கள். அவர்கள் போன பிறகு அந்தச் சந்தை அளந்தேன்: என் மூன்று விரல் அகலம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, மழையில் பலகை வளைந்ததால் உண்டான இடைவெளி. பாம்பு விழுங்கிய அந்த இரண்டு கோழிகளில் ஒன்று, மூன்று முறை அடைகாத்து எனக்கு முப்பதுக்கு மேல் குஞ்சு கொடுத்த கோழி. அன்று முதல் மாதம் ஒரு முறை கூட்டைச் சுற்றி விரலை வைத்தே அளக்கிறேன். என் சுண்டுவிரல் நுழையும் இடமெல்லாம் அடைபட வேண்டும்.

இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. பகலில் கருடனைக் கண்டு குரல் கொடுக்கும், பூனையை எதிர்த்துப் பாயும். ஏறி அடைந்த பிறகு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இரவுக் காவல் நம்முடைய வேலை. நம் ஊரில் மாலை ஏழரைக்குள் எல்லாம் கூடு அடைந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் கதவைச் சாத்த வேண்டும். மரநாய் கூரை வழியாகவும் வரும் என்பதால் மேலேயும் வலை வேண்டும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, கொண்டி போட்டுச் செருகுங்கள். கூட்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டினால் வெள்ளத்திற்கும் நல்லது.

உடும்பு பகலில் வருவது. அதற்குக் கதவு சாத்துவது பயன்படாது. கோழிகள் உலவும் வேலியின் அடியில், வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்துத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்ட வருவது வேலியை ஒட்டித்தான் தோண்டும். வலை நகத்தில் தட்டுப்பட்டதும் விட்டுவிடும். முட்டையைக் காலை பத்து மணிக்கும் மாலையிலும் எடுத்துவிடுங்கள். கோழி அறுத்தால் குடலைக் கொல்லையில் எறியாதீர்கள். தீபாவளி வாரத்தில் எத்தனை வீடுகளில் இதைச் செய்து, பிறகு உடும்பு வருகிறது என்று எழுதுகிறார்கள்!

பாம்புக்கு நான் கண்ட மருந்து, மிச்சத் தீனியை இரவில் எடுத்து மூடியுள்ள வாளியில் வைப்பது. தீனி இல்லையென்றால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்புக்கு அங்கே வேலை இல்லை. கந்தகம் என் வீட்டிலும் பலிக்கவில்லை.

*இயற்கையாக வளர்க்கிறோம் என்பதால் தடுப்பு மருந்து போடவில்லை. இப்போது கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது. கீழாநெல்லியும் மஞ்சளும் சீரகமும் அரைத்துக் கொடுக்கிறோம். பிழைக்குமா?*
வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வெள்ளைக் கழிச்சலைத்தான் காட்டுகின்றன. இது கிருமியால் வருவது. வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. கீழாநெல்லியை நானும் கொடுக்கிறேன், மந்தமாக இருக்கும் கோழி தேறியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த நோயை அது தடுக்காது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஒரே வாரத்தில் ஒரு லயத்தின் கோழிகள் முழுதும் விழுந்ததைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அதில் போனது.

தடுப்பு மருந்து இயற்கைக்கு எதிரானது என்ற எண்ணத்தை விடுங்கள். கம்பத்துக் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது கடினம் என்பதற்காகவே, 1980களில் நம் நாட்டு விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, வெப்பம் தாங்கும், தீனியில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். நம்மைப் போன்றவர்களின் கொல்லைகளை நினைத்துச் செய்த வேலை அது. குஞ்சு பொரித்த முதல் இரண்டு வாரத்திற்குள் கண்ணில் சொட்டு, சில வாரம் கழித்து இன்னொரு முறை, பிறகு சீரான இடைவெளியில். உங்கள் பகுதிக்கான அட்டவணையைக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையில் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: நோயுற்றதைத் தனியே பிரியுங்கள். இறந்ததைக் கால்வாயில் எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பக்கத்து வீட்டாருக்கு ஒன்றும் கொடுக்கவோ விற்கவோ வேண்டாம். பல கோழிகள் ஒரே நேரத்தில் விழுந்தால் துறைக்குக் கட்டாயம் தெரிவியுங்கள். பறவைக் காய்ச்சல் 2004இல் கிளந்தானிலும் 2006இல் கோலாலம்பூரை ஒட்டிய கோம்பாக் பகுதியிலும் கம்பத்துக் கோழிகளில்தான் தெரியவந்தது. கையுறை போடாமல் செத்த கோழியைத் தூக்காதீர்கள்.

*கடைத் தீனி இல்லாமல் வளர்க்க முடியுமா? முட்டை ஓடு மெலிந்து உடைகிறது.*
வாசகி, ஜூரு

வளர்ந்த கோழிக்கு முடியும். நொய், தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, முருங்கைக்கீரை, பப்பாளி, கொல்லையில் அது கிளறித் தின்னும் புழு பூச்சி. குஞ்சுக்கு முதல் ஆறு வாரம் புரதம் அதிகம் வேண்டும். கறையான் கிடைக்காதவர்கள் குஞ்சுத் தீனியே வாங்குங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஓட்டுக்கு நீங்கள் வெளியே தேடவே வேண்டாம். ஜூருவில் இருந்துகொண்டு கிராங் சிப்பி ஓட்டுக்குப் பஞ்சமா? நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, உரலில் கரகரப்பாக இடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும்.

*ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. மாடத்தில் இரண்டு கோழி வளர்க்கலாமா?*
வாசகர், ஆயர் ஈத்தாம்

வேண்டாம். மண்ணைக் கிளறாத கோழி மகிழ்ச்சியாக இருப்பதில்லை, கட்டட நிர்வாகமும் ஒப்புக்கொள்ளாது. தரை வீட்டுக்காரர்களும் தொடங்குவதற்கு முன் தங்கள் மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

*சேவல் விடியற்காலை நான்கு மணிக்கே கூவுகிறது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. சேவலைக் கொடுத்துவிட்டால் முட்டை நின்றுவிடுமா?*
வாசகர், சுங்கை பாக்காப்

நிற்காது. முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பக்கத்தில் சேவல் வேண்டாம். தோட்டப்புறத்தில் இடமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அடைக்கு வைக்க நினைக்கும்போது பத்து நாளைக்கு இரவல் வாங்கி வந்து பகலில் மட்டும் கோழிகளோடு விடுங்கள், இரவில் இருட்டான பெட்டிக்குள் அடையுங்கள். சேவலைத் திருப்பி அனுப்பிய பிறகும் பத்து நாள்போல் கருவுள்ள முட்டை வரும். அந்த முட்டைகளை எடுத்து வையுங்கள்.