வைரஸ் ஆய்வுக்குப் போக நினைக்கும் மகளைப் பற்றி ஆச்சிக்கு

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். நுண்ணுயிரியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள் வைரஸ் ஆய்வுக்குத்தான் போவேன் என்று நிற்பதையும், வங்கித் தேர்வு எழுதிக் காரைக்குடியிலேயே இருக்கட்டுமே என்று தாங்கள் கவலைப்படுவதையும் சென்ற வாரம் கேட்டேன். அன்று சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

தங்கள் பேரனுக்கு உள்ளங்கையில் கொப்புளம் வந்து, தனி மருந்து எதுவும் இல்லாமலே ஒரு வாரத்தில் ஆறிவிட்டது எப்படி என்பதே அவளுடைய கேள்வி. அதற்கு விடையாக, மதிப்பெண் பட்டியல் நகலின் பின்பக்கத்தில் அவளே ஒரு படம் வரைந்து காட்டினாள். கை, கால், வாய் நோயைத் தரும் எண்டெரோவைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 7,500 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழைதான். அது செல்லுக்குள் நுழைந்து நகலெடுக்கும்போது உருவாகும் இரட்டை இழையை எம்டிஏ5 என்னும் புரதம் அந்நியப் பொருளென்று கண்டுகொண்டு, மாவ்ஸ் என்ற மற்றொரு புரதத்தின் வழியாகச் செய்தி அனுப்ப, 1957இல் கண்டறியப்பட்ட இன்டர்ஃபெரான் வெளியேறி அக்கம்பக்கத்துச் செல்களை முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. வைரஸும் சும்மா இருப்பதில்லை. தன் நீண்ட புரதத்தைத் துண்டாக்க வைத்திருக்கும் 2ஏ என்ற கத்தரியாலேயே எம்டிஏ5, மாவ்ஸ் இரண்டையும் வெட்டி, செய்தி போகும் வழியை அறுக்கிறது. நோய்க்கேற்ற எதிர்ப்புரதங்கள் உருவாகச் சில நாள்கள் ஆகுமாதலால், அதுவரை தாக்குப்பிடிப்பது இந்த முதல் காவல்தான். படத்தில் அந்த வெட்டை மட்டும் அவள் சிவப்பு மையால் காட்டியிருந்தாள். மனப்பாடம் செய்தவர்கள் அப்படி வரைவதில்லை என்பது என் அனுபவம்.

போலியோவும் இதே இனம். இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011இல். தடுப்பு மருந்தால் அதை வென்றோம். ஆனால் எண்டெரோவைரஸ் தொற்றியபின் அதைக் குணப்படுத்தவென்று அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. ஆகவே இத்துறையில் வேலை மிச்சமிருக்கிறது.

தொற்றிக்கொள்ளுமோ என்ற அச்சம் நியாயமானதே. காற்று வடிகட்டிய பாதுகாப்புப் பெட்டிக்குள், பயிற்சி முடித்தபிறகே மாணவர்கள் இந்தக் கிருமிகளைக் கையாளுகிறார்கள்.

எனக்குள்ள கவலை காலத்தைப் பற்றியது. முதுகலை 2 ஆண்டு, அதன்பின் முனைவர் பட்டத்துக்கு 5 ஆண்டுக்கும் மேல் ஆகலாம். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் வரும்; கிடைக்காவிட்டால் நோயறி ஆய்வகங்கள், தடுப்பூசி நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் என்று வேறு வழிகள் உண்டு, ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு. இதை மறைத்து அவளுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை.

முதுகலைச் சேர்க்கைக்கான ஜிஏடி-பி நுழைவுத் தேர்வையும், பிப்ரவரியில் நடக்கும் ஜாம் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். வெளியூர் அனுப்பத் தயக்கமிருந்தால் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பத் துறைக்கும் விண்ணப்பிக்கட்டும். உயிர்வேதியியலில் அவள் மதிப்பெண் குறைவு. புரதம் எப்படி வெட்டுப்படுகிறது என்று ஆராயப்போகிறவளுக்கு அது ஆகாது. அடுத்த முறை வரும்போது அந்தப் பாடத்தின் மூன்று பருவ வினாத்தாள்களையும், படம் வரைந்த அந்த நகலையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.