பதில்: கிளிங்கானில் 'ஜெ' எங்கே, 'எஜ்' எங்கே?

வணக்கம். 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் கற்பனை மொழியான கிளிங்கானில் 'சாப்பிடுகிறேன், குடிக்கிறேன்' என்பதற்கு நீங்கள் எழுதியது 'ஜிஷோப் ஜெ ஜித்லுத்ல்'. சிக்கல் அந்த 'ஜெ'யில்தான். அது பெயர்ச்சொற்களைச் சேர்ப்பது, அதுவும் கடைசிப் பெயருக்குப் பின் ஒரே முறை: 'காக் ஹிக் ஜெ' என்றால் காக் புழுவும் மதுவும். நம் 'உம்' போல ஒவ்வொன்றோடும் ஒட்டாது. வினைக்குப் பின்னால் வந்தால் 'கூட' என்று பொருள் மாறிவிடும். அதனால் உங்கள் வாக்கியம் 'நான் சாப்பிடவும் செய்கிறேன். குடிக்கிறேன்' என்று உடைந்து நிற்கிறது.

வாக்கியங்களை இணைக்க 'எஜ்' வேண்டும்: 'ஜிஷோப் எஜ் ஜித்லுத்ல்'. இரண்டு வினையின் முன்னும் 'நான்' என்பதைக் காட்டும் 'ஜி' இருப்பதைக் கவனியுங்கள். தமிழில் 'சாப்பிட்டு' என்று எச்சமாக்கிவிட்டுக் கடைசி வினையில் மட்டும் 'நான்' என்பதைக் காட்டும் 'ஏன்' விகுதி போடுவோம். அந்தப் பழக்கம்தான் இங்கே நம்மைத் தடுக்கிறது. 'ஆனால்' வேண்டுமென்றால் அதே இடத்தில் 'அச்'.

அப்புறம் கேள்வி. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு வினையின் கடைசியில் 'ஆ'. 'சாப்பிடுகிறாயா?' என்பது 'பிஷோப்-ஆ?'. நமக்கு இது சொந்த வீடு மாதிரி! ஆனால் 'பிஷோபா' என்று புணர்த்திவிடாதீர்கள். 'ஆ'வுக்கு முன்னும் பின்னும் தொண்டை ஒரு கணம் அடைபட வேண்டும்.

'யார் காக் சாப்பிடுகிறார்?' என்பதில் 'யார்' என்னும் 'இவ்' முதலில் வராது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்பதே வரிசை. பதில் உட்காரும் இடத்திலேயே கேள்விச்சொல்லும் உட்காரும்: 'காக் ஷோப் இவ்?' இதில் 'ஆ' சேர்க்கக் கூடாது, சரியா? திருத்தி எழுதிப் போடுங்கள், பார்க்கிறேன்.