நின்றுபோன யாக்-52: தாளில் உள்ள மணிக்கணக்கை நம்பி வாங்கலாமா?

கேள்வி: நானும் என் இரு நண்பர்களும் இங்கிலாந்தில் வசிக்கிறோம், மூவரிடமும் தனியார் விமானி உரிமம் உள்ளது. லிதுவேனியாவில் ஒரு கொட்டகையில் ஆறு ஆண்டுகளாகப் பறக்காமல் நிற்கும் 1985-ஆம் ஆண்டு யாக்-52 விமானம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முழுப் பழுதுபார்ப்புக்குப் பிறகு எஞ்சின் 140 மணி நேரம் மட்டுமே ஓடியிருக்கிறது என்றும், மாதம் ஒருமுறை சுழலியை (புரொப்பெல்லரை) கையால் சுற்றிவிட்டு வந்ததால் ஒரு குறையும் வராது என்றும் தரகர் உறுதி சொல்கிறார். நாங்கள் பார்க்கப் போகும் நாளில் ஸ்டார்ட் செய்தே காட்டுவதாகவும் சொல்கிறார். நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: விமானத்தை வாங்குவதில் தவறில்லை. ஆனால் 140 மணி என்ற அந்த எண்ணுக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்காதீர்கள். எஞ்சினுக்கு விலையே இல்லை என்று வைத்துக்கொண்டு, உடலுக்கும் இறக்கைகளுக்கும் மட்டும் விலை பேசுங்கள். பிறகு எஞ்சின் நல்லதாக அமைந்தால் அது உங்களுக்குக் கிடைத்த லாபம்.

யாக்-52 உறுதியான விமானம் என்பதில் ஐயமில்லை. யாகவ்லேவ் வடிவமைப்பகம் உருவாக்கி, ருமேனியாவின் பகாவ் நகரத் தொழிற்சாலையில் சுமார் 1,800 எண்ணிக்கையில் கட்டப்பட்ட இந்தப் பயிற்சி விமானம், சோவியத் ஒன்றியத்தில் இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுத்தந்த தோசாஃப் அமைப்பின் மன்றங்களில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் முரட்டுத் தரையிறக்கங்களைத் தாங்கியது. 1991-க்குப் பிறகு அந்த மன்றங்கள் தங்களிடம் இருந்ததை விற்கத் தொடங்கியபோதுதான் இவை மேற்கு நாடுகளுக்கு வந்தன. ஆகவே விமானத்தின் வகை குறித்து நான் கவலைப்படவில்லை. ஆறு ஆண்டுகள் நின்ற எஞ்சினும், அதைப் பற்றிப் பேசும் தரகரின் வாயும்தான் என் கவலை.

இதில் இருப்பது எம்-14பி என்னும் 360 குதிரைத்திறன் எஞ்சின். ஒன்பது சிலிண்டர்கள் ஒரு சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நடுவிலிருந்து விரிந்திருக்கும். அப்படியானால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கியாக வேண்டும். 1-ஆம் எண் உச்சியில் இருக்க, 5-ஆம் எண்ணும் 6-ஆம் எண்ணும் அடியில் தொங்குகின்றன. எஞ்சின் நின்றதும் உள்ளே இருக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, அந்த அடிச் சிலிண்டர்களின் தலைப்பகுதியில் தேங்கும். ஓர் இரவில் ஒரு கரண்டி. ஒரு மாதத்தில் அரை டம்ளர். காற்றை அழுத்தினால் சுருங்கும், எண்ணெய் சுருங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் சிலிண்டரின் தலைப்பக்கம் போக இடமில்லாமல் எண்ணெயின் மீது மோதும். பட்டறைகளில் இதை ஹைட்ராலிக் லாக் என்பார்கள்.

இந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்வது மின் மோட்டார் அன்று. சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தத்தில் புட்டியில் அடைத்துவைத்த காற்றை நேரடியாகச் சிலிண்டர்களுக்குள் விட்டுத்தான் சுழற்றுகிறார்கள். மோட்டாராக இருந்தால் திணறி நின்றுவிடக்கூடும், காற்று தயங்காது. பிஸ்டனையும் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் அந்த அடியில் இலேசாக வளைந்துவிடும். பலருக்கும் தெரியாத கொடுமை இதற்குப் பிறகுதான் இருக்கிறது: ராட் வளைந்த பிறகும் எஞ்சின் ஓடும். சத்தம் சரியாக இருக்கும், அழுத்தமானி சரியாகக் காட்டும், வாங்க வந்தவர் மகிழ்ந்து கை குலுக்கிவிட்டுப் போவார். அந்த ராட் பத்து மணி நேரமோ முப்பது மணி நேரமோ கழித்து, பெரும்பாலும் முழு விசையில் ஏறிக்கொண்டிருக்கும்போது, முறியும்.

எங்கள் பட்டறைக்கு ஒருமுறை இப்படி ஒரு விமானம் வந்தது. உரிமையாளர் சொன்ன குறை, "சற்று அதிர்கிறது" என்பது மட்டும்தான். எஞ்சினைப் பிரித்து, 6-ஆம் எண் சிலிண்டரின் ராடைச் சமதளக் கல்லின் மீது வைத்து, பின்னால் ஒரு கைவிளக்கைப் பிடித்தேன். ராடுக்கும் கல்லுக்கும் இடையே தலைமுடி அளவுக்கு வெளிச்சக் கோடு தெரிந்தது. அந்த ராடோடு அவர் பதினான்கு மணி நேரம் பறந்திருந்தார். அதில் ஒரு நாள் தம் மகளையும் பின்னிருக்கையில் அமர்த்திப் பறந்திருந்தார். அன்று முதல், நின்ற எஞ்சினை "ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன்" என்று யார் சொன்னாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

இனி, மாதம் ஒருமுறை கையால் சுற்றியதைப் பற்றி. பறப்பதற்கு முன் சுழலியைக் கையால் சுற்றிப் பார்ப்பது கட்டாயம். பறக்காமல் நிற்கும் காலத்தில் அவ்வப்போது சுற்றிவிடுவது கேடு. இரண்டும் ஒன்றல்ல. கையால் சுற்றும்போது எண்ணெய்ப் பம்பு எண்ணெயை எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. சிலிண்டர் சுவரில் மிச்சமிருந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பிஸ்டன் வளையங்கள் வழித்து எடுத்துவிடுகின்றன. வெறும் எஃகு ஈரக்காற்றுக்குத் திறந்துவிடப்படுகிறது. பால்டிக் கடலோரத்துக் குளிர்காலத்தில், வெப்பமூட்டாத கொட்டகையில், காலையும் மாலையும் உலோகத்தின் மீது வியர்த்து நிற்கும் ஈரத்துக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் தரையில் ஓட்டி அணைப்பதும் இப்படித்தான்: எண்ணெய் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால், எரிதலில் உண்டான நீரும் அமிலமும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன.

யார், எந்தத் திசையில் சுற்றினார்கள் என்பது அடுத்த கேள்வி. இந்த எஞ்சின் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இடப்புறமாகச் சுழல்வது. பெரும்பாலான மேற்கத்திய எஞ்சின்களுக்கு நேர் எதிர். பழக்கமில்லாத கொட்டகைக் காவலர் சுழலியைப் பின்னோக்கிச் சுற்றியிருந்தால், சிலிண்டரில் தேங்கிய எண்ணெய் உள்ளிழுக்கும் குழாய்க்குள் தள்ளப்பட்டு அங்கே காத்திருக்கும். அதன்பின் முன்னோக்கிச் சுற்றும்போது கைக்கு ஒரு தடையும் தெரியாது. எஞ்சின் பற்றிக்கொண்ட மறுகணம் அந்த எண்ணெய் முழுவதும் உள்ளே உறிஞ்சப்படும். ஆகவே, சுழலி இடையில் தடுத்தால் வலிந்து தள்ளவும் கூடாது, பின்னால் திருப்பவும் கூடாது. அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடிப்பது ஒன்றே வழி.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். சோவியத் முறையில் விமானத்துக்கும் எஞ்சினுக்கும் தனித்தனியாக ஃபார்முலியார் என்னும் தடித்த பதிவேடு உண்டு. சுழலி போன்ற பாகங்களுக்குப் பாஸ்போர்ட் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ரெசுர்ஸ், அதாவது அனுமதிக்கப்பட்ட ஆயுள், இரண்டு கணக்கில் எழுதப்பட்டிருக்கும்: இத்தனை மணி நேரம், இத்தனை ஆண்டுகள். எது முதலில் முடிகிறதோ அதுவே கணக்கு. எம்-14பி எஞ்சினுக்கு மணிக்கணக்கு வழக்கமாக 500 முதல் 750 வரை. உங்கள் தரகர் மணியை மட்டும் சொன்னார், ஆண்டைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த முழுப் பழுதுபார்ப்பு எந்த ஆண்டில், எந்தப் பணிமனையில் நடந்தது என்று கேளுங்கள். "பதிவேட்டில் இருக்கிறது" என்று பதில் வந்தால், எல்லாப் பக்கங்களின் படமும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முக்கியமான பக்கங்கள் என்று தரகர் பொறுக்கி அனுப்புவதை ஏற்காதீர்கள்.

பக்கங்கள் வந்ததும், ரஷ்ய மொழி தெரியாவிட்டாலும் நீங்களே சில விஷயங்களைப் பார்க்கலாம். எட்டு ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே அழுத்தத்தில் இருக்கின்றனவா? பழுப்பேறிய ஏட்டின் நடுவே வெள்ளைத் தாள் செருகப்பட்டிருக்கிறதா? தைத்த கம்பி துருப்பிடித்திருக்க, ஒரு கம்பி மட்டும் பளபளக்கிறதா? எஞ்சினில் பொறித்த எண்ணும் ஏட்டின் எண்ணும் ஒன்றுதானா? விமானத்தின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும். 1985 என்றால் 85 என்று தொடங்க வேண்டும். இரண்டு விமானங்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, நல்ல ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சினைத் திறக்காமலே வெளியே வண்ணம் பூசி, புதிய கேஸ்கெட் விளிம்பு தெரியும்படி செய்து, "முழுப் பழுதுபார்ப்பு" என்று முத்திரை குத்தியதையும் பார்த்திருக்கிறேன். 2022-க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து உதிரிபாகம் வரும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டதால், நல்ல எஞ்சினுக்குத் தட்டுப்பாடு கூடியிருக்கிறது. தட்டுப்பாடு கூடக்கூட இப்படிப்பட்டவர்களும் கூடுகிறார்கள்.

இதற்கு ஒழுங்குமுறை அமைப்புகள் துணை நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் இந்த விமானங்கள் சிறப்பு அனுமதியின்பேரில், உரிமையாளரின் பொறுப்பில் பறக்கின்றன. அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது ஏட்டில் முத்திரை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சிலிண்டருக்குள் துரு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு முத்திரையின் தேதி சரியாகத் தெரியவில்லை என்று நான்கு மாதம் கோப்பை நிறுத்திவைத்த அலுவலகத்தில், அதே எஞ்சினின் உட்புறப் படங்களை நான் நீட்டியபோது, அவற்றை இணைக்கப் படிவத்தில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். காகிதம் சரியாக இருந்தால் உலோகமும் சரியாக இருக்கும் என்ற இந்த எண்ணம் மாறாதவரை, பொய்யேடு எழுதுபவர்களுக்குத் தொழில் குறையாது.

ஒரேயொரு விலக்கு உண்டு. அதை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தரகர் அடுத்து அதைத்தான் பிடித்துக்கொள்வார். எஞ்சின் முறைப்படி பதனம் செய்யப்பட்டிருந்தால், ஆறு ஆண்டுகள் நின்றதால் மட்டும் அது கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. பதனம் என்பது எஞ்சினின் மேல் துணி போர்த்துவதன்று. ஈரம் நீக்கிய எண்ணெயைச் சூடாக்கி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் தெளித்திருக்க வேண்டும். தெளித்த பின் சுழலியைத் தொட்டிருக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் நிரம்பிய அடைப்பான்களைத் திருகியிருக்க வேண்டும். உள்ளிழுக்கும் வாயும் புகைபோக்கியும் இறுக மூடப்பட்டிருக்க வேண்டும். செய்த நாளும், எத்தனை காலத்துக்குச் செல்லும் என்பதும், கெடு முடிந்தபோது மறுபடி செய்த நாளும் ஃபார்முலியாரில் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். சிலிக்கா மணிகள் வழக்கமாக நீல நிறத்தில் இருக்கும்; ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும். நீலமாக இருந்தால் நல்லது என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். நேற்று மாற்றிய மணியும் நீலமாகத்தான் இருக்கும். உங்கள் தரகரோ மாதந்தோறும் சுற்றியதாக அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். முறையாகப் பதனம் செய்த எஞ்சினை யாரும் சுற்ற மாட்டார்கள். ஆகவே அந்த விலக்கு உங்கள் விமானத்துக்குப் பொருந்தாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரங்களை ஏற்றி இறக்குவது, பிரேக், ஃபிளாப், ஸ்டார்ட் எல்லாமே இந்த விமானத்தில் காற்றழுத்தத்தால்தான் நடக்கின்றன. மாலையில் 50-க்கு நிரப்பி, மறுநாள் காலை அழுத்தமானியைப் பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் ரப்பர் வளையங்கள் காய்ந்துவிட்டன என்று பொருள். அது மாற்றக்கூடிய செலவு. ஆனால் காற்றுப் புட்டியின் உட்புறம் துருவேறியிருந்தால் அது ஆபத்து. அழுத்தச் சோதனைச் சான்று இல்லாத புட்டியின் அருகே நிற்காதீர்கள். சுழலியின் மர இலைகளைத் தட்டிப் பார்த்து, உலோக விளிம்பு தளர்ந்திருந்தால் சுழலிக்கும் விலை கொடுக்காதீர்கள். ஆரம்பகால யாக்-52 விமானங்களின் இறக்கை முதுகுத்தண்டை (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடிச் சுமை தாங்கும் ஸ்பாரை) பலப்படுத்தச் சொல்லித் தொழிற்சாலை ஆணைகள் வந்தன. அந்த வேலை முடிந்திருக்கிறதா என்பதை இறக்கையைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

போகும்போது இந்த எஞ்சினைத் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். தரகர் ஏற்பாடு செய்து தரும் பொறியாளர் வேண்டாம். முதல் வேலையாக, பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் மேக்னெட்டோ அணைந்திருக்கிறதா, காற்று வால்வு மூடியிருக்கிறதா, சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அடிச் சிலிண்டர்களின் பிளக்குகளைக் கழற்றி, வடியும் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். பிறகு சுழலியை மெதுவாக, சரியான திசையில் சுற்றுங்கள். ஒன்பது சிலிண்டர்களும் ஒருமுறை முடிக்க எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். இடையில் குறைப்புப் பற்சக்கரம் இருப்பதால் சுழலிக்கு அது ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று அதிகம். அதாவது மூன்று இலைகள் கடந்தால் போதும். நான் ஆறு எண்ணாமல் கையை எடுப்பதில்லை. அதன்பின் ஒவ்வொரு பிளக் துளை வழியாகவும் உள்நோக்கும் கேமராவை விட்டுச் சுவர்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் துருக்குழி தெளிவாகத் தெரிந்தால் அந்த எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். எண்ணெய்ச் சல்லடையைக் கழற்றி, அதில் உலோகத் தூள் மினுங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். இதற்கு முன் யாராவது அவசரத்தில் ஸ்டார்ட் செய்திருந்தார்களா என்பதை 5, 6 எண் சிலிண்டர்களைக் கழற்றி ராடுகளை அளந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால், வாங்கிய பிறகு, முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னரே, உங்கள் செலவில் அதைச் செய்யுங்கள்.

விலை படிந்தால் விமானத்தை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது, பிளக்குகளைக் கழற்றாமலே உங்களுக்குக் காட்டுவதற்காக ஏற்கெனவே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்றால், முன்பணத்தை எடுக்காமல் அன்றே திரும்பி வந்துவிடுங்கள்.