ஹெர்பிஸும் எச்.ஐ.வி.யும்: வடசென்னை வாசகியரின் கேள்விகள்

கேள்வி: பிறப்புறுப்பில் அடிக்கடி கொப்புளம் வருகிறது. இது ஹெர்பிஸ் என்று சொன்ன டாக்டர், எச்.ஐ.வி. டெஸ்டும் எடுக்கச் சொல்கிறார். என் நடத்தையைச் சந்தேகப்படுகிறாரா? (தண்டையார்பேட்டை)

பதில்: இல்லையம்மா. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்வேன். பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் (உடலுறவில் தொற்றும் ஒரு வைரஸ்) உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு, இல்லாதவரைவிடச் சுமார் 3 மடங்கு. புண் வழியே கிருமி சுலபமாக நுழைந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஹெர்பிஸை எதிர்க்க அந்த இடத்தில் சி.டி.4 வெள்ளையணுக்கள் வந்து கூடுகின்றன. எச்.ஐ.வி. பிடிப்பதும் அதே அணுக்களைத்தான். புண் ஆறி, தோல் பழையபடி ஆன பிறகும் வாரக்கணக்கில் அவை அங்கேயே இருக்கும், மாத்திரை போட்டாலும்கூட. ஸ்டான்லி ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் இலவசம். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

கேள்வி: தினமும் ஹெர்பிஸ் மாத்திரையான அசைக்ளோவிர் போட்டால் எச்.ஐ.வி. வராதா?

பதில்: அப்படி நம்பித்தான் பல நாடுகளில் சோதித்தார்கள். 2008-இல் வந்த முடிவு ஏமாற்றமே: புண் குறைந்தது, எச்.ஐ.வி. தொற்று குறையவில்லை. ஆணுறையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. உண்டு. ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. அக்கி என்று காவி பூசச் சொல்கிறார் மாமியார். (காசிமேடு)

பதில்: காவி வேண்டாம், அதுவும் அந்த இடத்தில்! எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஹெர்பிஸ் புண் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், எதிர்ப்புசக்தி நன்றாக இறங்கிவிட்டதாக அர்த்தம். எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை நடுவில் விட்டுப்போனதா? வைரல் லோடு (ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியின் அளவு) பார்த்தீர்களா? அசைக்ளோவிர் கேட்காத ஹெர்பிஸும் உண்டு, அதற்கு வேறு மருந்து இருக்கிறது. அப்புறம், ஏ.ஆர்.டி. ஆரம்பித்த முதல் சில மாதங்களில் புண் கூடுவது சிலருக்கு நடக்கும். பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம், நாளைக்கே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள்.

கேள்வி: பொதுக் கழிப்பறையில் தொற்றுமா?

பதில்: தொற்றாது, இரண்டுமே.

கேள்வி: இரண்டும் இருக்கிறது, 7 மாதக் கர்ப்பம். குழந்தைக்கு? (கொருக்குப்பேட்டை)

பதில்: ஹெர்பிஸ் பழையது என்றால் குழந்தைக்கு ஆபத்து குறைவு. கடைசி 3 மாதத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் ஆபத்து அதிகம். ஏ.ஆர்.டி.யை ஒரு வேளைகூட விடாதீர்கள். 36-ஆவது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலி எடுக்கும்போது புண்ணோ எரிச்சலோ இருந்தால், ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியானாலும் சரி, வேறு எங்கானாலும் சரி, உள்ளே போனதுமே சொல்லிவிடுங்கள். அப்போது சிசேரியன்தான் பாதுகாப்பு.